கண்டக்டரும் லோடுமேனும்

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எப்போதாவது விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? தேனி, திண்டுக்கல், கோவை, ஈரோடு, சேலம் என்று மேற்கே போகிற பஸ்களெல்லாம் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கும். அரைத் தூக்கத்தில் இருக்கிற கூட்டத்தை விட்டுவிட்டு, மூன்று பேரை மட்டும் கவனியுங்கள்.

முதலாமவர் டிரைவர். சீட்டில் ஏறி உட்கார்ந்தார் என்றால் வழியில் டீக்கு நிறுத்தும் வரை இடுப்புக்குக் கீழே பெரிதாக அசைவு கிடையாது. இரண்டாமவர் கண்டக்டர். பாவம், அவருக்கு உட்காரவே நேரமில்லை. பின்படியில் ஏறி முன்படியில் இறங்கி, "திண்டுக்கல்... திண்டுக்கல்... பாயிண்ட் டு பாயிண்ட்!" என்று கத்தி, ஓடுகிற பஸ்சில் ஆடிக்கொண்டே டிக்கெட் கிழித்து... ஒரு நாளில் எத்தனை முறை முன்னும் பின்னும் நடப்பார் என்று அவருக்கே தெரியாது. மூன்றாமவர் லோடுமேன். பூ மூட்டையோ, வாழையிலைக் கட்டோ, யாரோ கல்யாண வீட்டுக்காரர்களின் பாத்திரச் சாக்கோ, தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றி ஒரே மூச்சில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த மூன்று பேரில் யாருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு அதிகம்?

ஏதோ பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் இதே கேள்வியை எடுத்துக்கொண்டுதான் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு லண்டனில் ஒரு டாக்டர் வேலையை ஆரம்பித்தார். அவர் பெயர் ஜெர்ரி மாரிஸ். அப்போது இங்கிலாந்தில் நடுத்தர வயது ஆண்கள் திடீர் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துகொண்டிருந்தார்கள். காரணம் புரியவில்லை. உடம்பு உழைப்புக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று மாரிஸுக்குச் சந்தேகம். நிரூபிக்க வேண்டுமே? ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு, ஒரே மாதிரி வீடு, ஆனால் ஒருவன் உட்கார்ந்திருக்க வேண்டும், இன்னொருவன் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு ஜோடி எங்கே கிடைக்கும்?

லண்டன் மாடி பஸ்சில் கிடைத்தது.

நம் சென்னையில்கூட ஒருகாலத்தில் மாடி பஸ் ஓடியதே, நினைவிருக்கிறதா? அதேதான். டிரைவர் கீழே உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு நாளைக்கு 500-லிருந்து 750 படிகள். சுமார் 31,000 போக்குவரத்து ஊழியர்களின் மருத்துவக் கணக்கை எடுத்து அலசினார்கள். 1953-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. வந்தாலும் தாமதமாக வந்தது. வந்த முதல் தாக்குதலிலேயே செத்துப்போவதும் குறைவு.

மருத்துவ உலகம் உடனே மாலை போட்டு வரவேற்றதா என்றால், இல்லை. குண்டான ஆள்தான் டிரைவர் வேலைக்கே போவான், அதனால்தான் அவனுக்கு நோய் என்றார்கள். மாரிஸ் சளைக்கவில்லை. என்ன செய்தார் தெரியுமா? யூனிஃபார்ம் தைக்கிற இடத்துக்குப் போய் எல்லோருடைய பேண்ட் இடுப்பளவையும் வாங்கினார்! கம்பெனிக் கணக்குப் புத்தகத்திலிருந்து உண்மையைத் தோண்டுகிற இந்த வித்தை, பி.காம். படித்த எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எதிராளிகள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் செய்தது. டிரைவர்களின் இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிசுதான். ஆனால் ஒல்லி, நடுத்தரம், குண்டு எந்த அளவை எடுத்தாலும் டிரைவரைவிடக் கண்டக்டருக்கு ஆபத்து கம்மி. விஷயம் இடுப்பில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது.

மாரிஸ் தான் சொன்னதைத் தானே செய்தவர். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நீச்சலை விடவில்லை. 2009-ல் அவர் இறந்தபோது வயது 99.

இந்தக் கதையை நான் என் அப்பாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். காரணம், அவரும் ஒரு 'கண்டக்டர் கட்சி'. ஆரப்பாளையம் கிராஸ் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் எங்கள் வீடு. ரிட்டயரான மறுநாள் தொடங்கி ஒரு நாள் தவறாமல் வைகைக் கரையோரமாக யானைக்கல் வரை நடந்து போய்த் திரும்புவார். மழையா? குடை. காய்ச்சலா? மஃப்ளர். சர்க்கரை, பிரஷர் ரெண்டும் கட்டுக்குள். "எனக்கெல்லாம் ஒண்ணும் வராதுடா" என்பார். நானும் நம்பினேன்.

எழுபத்திரண்டாவது வயதில் ஒருநாள் காலை, நடை முடித்து வந்து குளிக்கப் போனவர், பாத்ரூம் வாசல்படியில் கால் லேசாகத் தடுக்கி விழுந்தார். பெரிய சறுக்கல்கூட இல்லை. நீங்களும் நானும் என்றால் ஒரு எட்டு வைத்துச் சமாளித்திருப்போம். அவரால் முடியவில்லை. மணிக்கட்டு உடைந்தது. அதைவிடக் கொடுமை, தரையிலிருந்து அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து தூக்கினோம். தினமும் ஒரு மணி நேரம் நடக்கிற மனுஷன்!

கட்டுப் போட்ட டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க அப்பாவுக்கு இன்ஜின் பிரமாதமா இருக்கு சார். சேஸிஸ்தான் போயிடுச்சு."

அன்றைக்குத்தான் எனக்கு மூன்றாவது ஆள் ஞாபகத்துக்கு வந்தார். லோடுமேன்.

அவருடைய கதையை எழுதியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ரால்ஃப் பாஃபன்பார்கர். இவர் பிடித்தது சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற தொழிலாளர்களை. 6,351 பேர். 1951 தொடங்கி 22 வருஷம் விடாமல் பின்தொடர்ந்து, 1975-ல் முடிவை வெளியிட்டார். கப்பலில் கனமான சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களுக்கு இதய நோய்ச் சாவு, இலகுவான வேலை பார்த்தவர்களைவிட ஏறக்குறையப் பாதிதான். 'தெம்பானவன்தான் மூட்டை தூக்கப் போவான்' என்ற பழைய வாதம் இங்கேயும் கிளம்பியது. ஆனால் அந்தத் துறைமுகத்தில் ஒரு விதி. யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் ஐந்து வருஷம் மூட்டை தூக்கியே ஆக வேண்டும். ஆக, எல்லோரும் ஆரம்பத்தில் லோடுமேன்தான். வாதம் அடிபட்டுப் போனது.

பாஃபன்பார்கர் சும்மா எழுதிவிட்டுப் போகவில்லை. நாற்பதுகளின் நடுவில் ஓட ஆரம்பித்து, 100 மைல் ஓட்டப் பந்தயம் வரை முடித்தார். 1996-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி விளையாட்டு அறிவியலுக்கான பரிசை முதன்முதலாகக் கொடுத்தபோது அதைச் சேர்ந்து வாங்கியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? மாரிஸும் பாஃபன்பார்கரும். கண்டக்டரைக் கவனித்தவரும் லோடுமேனைக் கவனித்தவரும் ஒரே மேடையில்.

மேடையில் சேர்ந்தார்கள், சரி. ஊரில்?

ஊரில் இரண்டு கட்சியும் எப்போதோ பிரிந்துவிட்டன. 1968-ல் அமெரிக்க விமானப்படை டாக்டர் கென்னத் கூப்பர் 'ஏரோபிக்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டார். உலகமே ஷூ மாட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. இதயம், நுரையீரல், மூச்சு... இதுதான் ஆரோக்கியம், தசையெல்லாம் பயில்வான் சமாசாரம் என்று ஆனது. இன்னொரு பக்கம் இரும்பைத் தூக்குகிறவர்கள். 1977-ல் அர்னால்ட் நடித்த 'பம்ப்பிங் அயர்ன்' வந்ததும் அந்தக் கட்சிக்கும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இந்தியாவிலேயே பாருங்கள். வங்காளத்து மனோகர் ஐச், ஐந்தடிகூட இல்லாத மனிதர், 1952-ல் மிஸ்டர் யூனிவர்ஸ் பட்டம் வாங்கி, நூறு வயதைத் தாண்டி 2016-ல் இறந்தார். அவர் இரும்புக் கட்சி. பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 89 வயதில் முதல் மாரத்தான் ஓடி, 2011-ல் 100 வயதுக்காரராக டொரண்டோவில் இன்னொன்றை முடித்து, 2025-ல் சாலையில் கார் மோதி மறைந்தார். அவர் ரோட்டுக் கட்சி. நாம் இருவரையும் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டோம்.

நம்மிடம் இந்தப் பிரிவினை கிடையாது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. மூன்றையும் யோசித்துப் பாருங்கள். நூறு பஸ்கி எடுத்தால் தொடை எரியும், மூச்சும் வாங்கும். பலப் பயிற்சியா, மூச்சுப் பயிற்சியா? ரெண்டும்தான். கோதாவில் புரண்ட பயில்வான்கள் தினம் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் வந்தவர்தான் காமா பயில்வான். 1910-ல் லண்டனில் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவோடு மல்லுக்கு நின்றபோது ஆட்டம் முடிவில்லாமல் மணிக்கணக்கில் இழுத்தது. 1928-ல் பாட்டியாலாவில் மறுபடி மோதினார்கள். காமாவுக்கு அப்போது ஏறக்குறைய ஐம்பது வயது. ஒரு நிமிடத்துக்குள் ஆளைச் சாய்த்துவிட்டார்! ஐம்பது வயதுக்காரர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படித்துக்கொள்ளலாம்.

அப்புறம் சாண்டோ வந்தார். யூஜின் சாண்டோ என்கிற ஜெர்மன்காரர் 1905-ல் இந்தியாவில் ஊர் ஊராக வந்து புஜத்தை முறுக்கிக் காட்டினார். இளைஞர்கள் சொக்கிப்போனார்கள். 'சாண்டோ' சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் இருப்பதும், நீங்கள் இப்போது சட்டைக்குள் போட்டிருக்கிற கையில்லாத பனியன் பெயரில் இருப்பதும் அந்த ஆள்தான். சாண்டோ வந்த பிறகு பலம் என்பது கண்ணாடி முன்னால் நின்று பார்க்கிற சரக்காகிவிட்டது. பார்க்கிற சரக்கு என்றால் அது வாலிபனுக்குத்தானே?

ஆனால் முழுப் பழியையும் ஜெர்மன்காரர் மேல் போடுவது நியாயமில்லை. மதுரையைச் சுற்றி எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போங்கள். கோயில் பக்கத்திலோ மந்தையிலோ உருண்டையாக ஒரு கல் கிடக்கும். இளவட்டக்கல். தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பொண்ணு என்பார்கள். பெயரைக் கவனித்தீர்களா? இளவட்டத்துக்குக் கல். கிழவட்டத்துக்கு? திண்ணை!

எங்கள் ஆரப்பாளையத்துக்கே வருவோம். இங்கே வைகைக் கரையில் புட்டுத்தோப்பு இருக்கிறது. ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த லீலை நடக்கிற இடம். கதை உங்களுக்குத் தெரியும். வைகையில் வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. புட்டு விற்கிற வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு, வேலை செய்யாமல் ஆட்டம் போட்டு, பிரம்படி பட்டார். நான் சின்ன வயதில் இந்தக் கதை கேட்கும்போதெல்லாம் பிரம்படியைத்தான் நினைப்பேன். இப்போது வேறொன்று உறுத்துகிறது. வயதாகிவிட்டால் மண் சுமக்க முடியாது, பதிலுக்கு இன்னொரு ஆள்தான் வர வேண்டும் என்பதில் அந்தக் கதையில் யாருக்கும் சந்தேகமே இல்லை. பாண்டியனுக்கும் இல்லை, கிழவிக்கும் இல்லை, சிவபெருமானுக்கும் இல்லை.

நமக்கும் இல்லை. அதனால்தான் ஐம்பது தாண்டிய ஆணிடம் 'வாக்கிங் போங்க சார்' என்று மட்டும் சொல்கிறோம்.

சரி, ரெண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன? இந்த இடத்தில்தான் ஒரு விஞ்ஞானி குறுக்கே வந்தார்.

ராபர்ட் ஹிக்சன். அமெரிக்கர். எடை தூக்குவதில் பிரியமுள்ளவர். ஆராய்ச்சிக்காக ஜான் ஹாலோஸி என்ற பேராசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். ஹாலோஸி லேசுப்பட்டவர் இல்லை. எலிகளை ஓடவிட்டால் அவற்றின் தசைக்குள் சக்தி தயாரிக்கிற நுண் உறுப்புகள் பெருகுகின்றன என்று 1967-ல் கண்டுபிடித்தவர். ஓட்டப் பைத்தியமும்கூட. குருவோடு சேர்ந்து சிஷ்யரும் தினமும் ஓடினார். கொஞ்ச நாளில் பார்த்தால், ஹிக்சனின் தசை கரைய ஆரம்பித்துவிட்டது! 'தனியாக ஆய்வுக்கூடம் வைத்ததும் முதலில் இதை ஆராய்ந்து பார்' என்றாராம் குரு.

ஆராய்ந்தார். 1980-ல் வெளியிட்டார். ஒரு கூட்டத்துக்கு வாரம் 5 நாள் எடைப் பயிற்சி. இன்னொரு கூட்டத்துக்கு வாரம் 6 நாள் கடுமையான ஓட்டமும் சைக்கிளும். மூன்றாவது கூட்டத்துக்கு இரண்டும். 10 வாரம். மூன்றாவது கூட்டத்தின் மூச்சுத்திறன், ஓடியவர்களுக்குச் சமமாக ஏறியது. பலமும் ஏழெட்டு வாரம் வரை ஏறியது. அதற்குப் பிறகு நின்றது. கடைசி இரண்டு வாரத்தில் இறங்கவே ஆரம்பித்தது.

போதாதா? 'ஓடினால் தசை போய்விடும்' என்று உலகம் முழுக்க ஜிம்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. இன்றைக்கும் ஜிம்மில் போய்க் கேளுங்கள். "கார்டியோ பண்ணாதீங்கண்ணே, மசில் போயிரும்" என்பார்கள். யாரும் அந்த ஆய்வின் அளவைப் பார்ப்பதில்லை. 5 நாள் பளு, 6 நாள் ஓட்டம். அதுவும் இளம் வயதுக்காரர்கள். அதை அறுபத்தைந்து வயது அப்பாவுக்கு அப்படியே பொருத்தலாமா?

பொருத்திப் பார்க்கவே ரொம்ப வருஷம் யாரும் முயற்சிக்கவில்லை. காரணம் வேடிக்கையானது. வயதானவர் எடை தூக்கலாம் என்பதையே யாரும் நம்பவில்லை. வயதில் தசை கரைவதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது. 'சார்கோபீனியா' என்ற பெயரை இர்வின் ரோசன்பெர்க் என்கிற டாக்டர் வைத்ததே 1980-களின் கடைசியில்தான்.

1990-ல் பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற பெண் டாக்டர் துணிந்தார். முதியோர் மருத்துவ இல்லத்தில் 10 பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது 86 முதல் 96 வரை. பலர் தடி ஊன்றி நடக்கிறவர்கள். இவர்களுக்குப் போய் 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். பூச்சி மாதிரி எடை இல்லை, நிஜமாகவே கனமான எடை. முடிவில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இரண்டு பேர் தடியைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். (பயிற்சியை நிறுத்தியதும் நாலே வாரத்தில் பலம் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது என்பதையும் அந்த அம்மாள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.)

கதவு திறந்துவிட்டது. அதற்கப்புறம்தான் ரெண்டையும் சேர்த்துப் பார்க்கிற வேலை ஆரம்பம். ஸ்பெயினில் மிகெல் இஸ்கியர்தோ குழுவினர் 65 முதல் 74 வயது வரையுள்ள ஆண்களை வைத்து 16 வாரம் பார்த்தார்கள். ஒரு கூட்டம் வாரம் இரண்டு நாளும் எடை. இன்னொன்று இரண்டு நாளும் சைக்கிள். மூன்றாவது, ஒரு நாள் எடை, ஒரு நாள் சைக்கிள். 2004-ல் வந்த முடிவு: மூன்றாவது கூட்டத்தின் கால்பலம், இரண்டு நாளும் எடை தூக்கியவர்களுக்கு இணையாகவே ஏறியிருந்தது. ஹிக்சன் கண்ட சண்டை இங்கே நடக்கவே இல்லை!

ஏன்? ரகசியம் அளவில் இருக்கிறது. வாரம் பதினோரு வேளை உடம்பை வதைத்தால் இரண்டு வேலையும் ஒன்றையொன்று தின்னும். வாரம் இரண்டு மூன்று வேளை என்றால் உடம்புக்கு ஆற நேரம் இருக்கிறது. அதோடு, இருபது வருஷமாக எதையும் தூக்காத தொடைக்கு எது கொடுத்தாலும் விருந்துதான்.

அடுத்த கேள்வி எது முதலில் என்பது. பிரேசிலில் எடுவர்தோ காடோரி குழு சுமார் 65 வயதுள்ள 26 ஆண்களை இரண்டாகப் பிரித்தது. இரு தரப்புக்கும் ஒரே பயிற்சி, வாரம் 3 நாள், 12 வாரம். ஒரு தரப்பு எடை தூக்கிவிட்டு சைக்கிள் மிதிக்கும். மறுதரப்பு தலைகீழ். 2012-ல் வெளியான முடிவில் மூச்சுத்திறன் இரு தரப்பிலும் ஒரே மாதிரி கூடியிருந்தது. கால்பலத்தில்தான் வித்தியாசம். எடையை முதலில் செய்தவர்களுக்கு சுமார் 35 சதவீதம். பிறகு செய்தவர்களுக்கு 22. களைத்த காலை வைத்துக்கொண்டு கனம் தூக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். லோடுமேன் முன்னால், கண்டக்டர் பின்னால்.

2017-ல் அமெரிக்காவில் டென்னிஸ் வில்லரியல் குழு, உடல் பருத்த 65 வயதுக்கு மேற்பட்ட 160 பேரைச் சேர்த்து ஆறு மாதம் நடத்திய சோதனை இன்னும் நேரடியானது. நாற்காலியிலிருந்து எழுவது, படியேறுவது, கோட்டு மாட்டுவது, கீழே கிடக்கும் காசைப் பொறுக்குவது... இப்படி அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண். மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 14 சதவீதம் முன்னேற்றம். எடை மட்டும் என்றாலும் அதே 14. இரண்டும் சேர்த்தவர்களுக்கு 21.

இப்போது அப்பா ஏன் விழுந்தார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்கும். தசை நார்களில் இரண்டு ஜாதி. மெதுவாக, ஆனால் களைக்காமல் உழைப்பது ஒன்று. சட்டென்று வேகமாக இழுப்பது இன்னொன்று. வயதில் அதிகமாகச் சுருங்குவது இந்த இரண்டாவது. சமதரையில் நடப்பதற்கு முதலாவதே போதும். அப்பா பத்துப் பன்னிரண்டு வருஷம் நடந்ததெல்லாம் முதலாவதின் கணக்கில்தான் வரவு. கால் தடுக்குகிற அந்த அரை நொடியில் உடம்பு கேட்டது இரண்டாவதை. அந்தக் கணக்கில் பேலன்ஸ் இல்லை.

காலேஜில் எங்களுக்குத் தேய்மானக் கணக்கு சொல்லித் தருவார்கள். இயந்திரம் ஓட ஓடத் தேயும், வருஷா வருஷம் மதிப்பைக் குறை என்பார்கள். தசையும் ஐம்பதுக்கு மேல் சுமாராக வருஷத்துக்கு ஒரு சதவீதம் கழிகிறது. பலம் அதைவிட வேகமாக இறங்கும். ஒரே வித்தியாசம், இந்த இயந்திரம் ஓடாமல் இருந்தால்தான் அதிகமாகத் தேயும். இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் எழுதித் தர மாட்டார்.

வீடுகளும் மாறிவிட்டன, கவனித்தீர்களா? முன்பெல்லாம் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்தோம். குத்தவைத்து உட்கார்ந்து காலைக்கடன் கழித்தோம். யாரும் கணக்கு வைக்காத பஸ்கி அது. டைனிங் டேபிளும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்ததும் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பஸ்கி காணாமல் போனது. முழங்கால் வலிக்காரர்களுக்கு அவை வரப்பிரசாதம், நான் மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வயதில் எனக்கெதற்கு? பிரேசிலின் ரியோ நகரில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற டாக்டர் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். கை ஊன்றினாலோ முட்டி ஊன்றினாலோ மதிப்பெண் கழியும். சுமார் ஆறு வருஷம் கவனித்ததில், ரொம்பக் குறைவாக வாங்கியவர்களிடையே சாவு ஐந்தாறு மடங்கு அதிகம் என்று 2012-ல் எழுதினார். நம் வீட்டுப் பந்தியில் கிழவர்கள் தினமும் எழுதிய பரீட்சை!

இதைப் படித்துவிட்டு 'அப்போ உடலுழைப்புத் தொழிலாளிதான் பாக்கியசாலி' என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும். 2018-ல் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரின் கணக்கைத் தொகுத்துப் பார்த்ததில், வேலையில் கடுமையாக உடம்பை வருத்துகிற ஆண்களுக்கு முன்கூட்டியே சாகும் ஆபத்து 18 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. பாஃபன்பார்கர் சொன்னதற்கு நேர் எதிர் மாதிரி இருக்கிறதே? முதுகு வலித்தாலும் நிறுத்த முடியாது, ஓய்வு தன் கையில் இல்லை, எட்டு மணி நேரமும் அதே சுமை. ஏழ்மையின் மற்றக் கேடுகளும் கூடவே வருகின்றன. பயிற்சி என்றால் தூக்கிவிட்டு இறக்கி வைத்து ஓய்வெடுப்பது. அந்த இரண்டாவது பாதி ஆரப்பாளையம் லோடுமேனுக்குக் கிடைப்பதில்லை. பஸ் கிளம்பிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு இது: வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான நடை. இரண்டு நாளாவது தசைக்கு வேலை. 65 தாண்டியவர்கள் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் இருக்கும் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜிம்மே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழலாம். சுவரில் சாய்ந்து தண்டால் எடுக்கலாம். இரண்டு கையிலும் தண்ணீர் வாளி பிடித்து முற்றத்தில் நடக்கலாம். சுலபமானதும் கொஞ்சம் கனம் கூட்ட வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. இதயக் கோளாறோ, கட்டுக்கடங்காத பிரஷரோ இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாளியைத் தொடாதீர்கள்.

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்த மறுவாரம், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "ஏண்டா, எழுபத்திரண்டு வயசுல என்னைப் பயில்வான் ஆக்கப் போறியா?" என்றார். முதல் நாள், கை ஊன்றாமல் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரம் கூட்டியதும் மூன்று முறை எழுந்தார். ஒரு மாதத்தில் ஒரு தலையணை போனது. தீபாவளிக்கு முன்னால் இன்னொன்றும் போனது.

இப்போதும் யானைக்கல் வரை நடக்கிறார். ஆனால் வாரத்தில் மூன்று நாள் நாற்காலி முடித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார். எண்ணுவது என் வேலை. நேற்று பத்தாவதில் நின்றுகொண்டு மூச்சு வாங்கினார்.

"பன்னெண்டு ஆச்சுடா."

"பத்துதான்ப்பா ஆச்சு."

"பி.காம். படிச்சவன் கணக்கு!" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்.